ஆவுளியா பார்க்கப் போனது

போயா லீவில்
கிளிநொச்சி வங்கிக்காரர் ஆறு பேர் வந்தார்கள்.
ஆவுளியா பார்க்கவேணும் என்றார்கள்.
காட்டுவேன் என்று நான் சொல்லவில்லை.
கடலுக்குக் கூட்டிப்போவேன் என்றுதான் சொன்னேன்,
ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு,
மண்ணெண்ணெய் விற்கிற விலை தெரியும்தானே.

மனேஜர் தில்லைநாயகம்
மிதப்பு அங்கியின் வாரை மூன்றுதரம் இழுத்துப் பார்த்தார்.
"ஓட்டி ஆர்?"
"நான்தான்."
கரையைத் திரும்பிப் பார்த்தார்.
அங்கே ஒரு நாய் மட்டும்தான் நின்றது,
அதுவும் வீட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தது.

மாசிக் கடல்.
வாடை விழுந்துவிட்டது, சோளகத்துக்கு நாளிருக்கிறது.
இரண்டு காற்றுக்கும் நடுவில்
தண்ணீர் கொஞ்சநாள் கண்மூடிக் கிடக்கும்.
அப்போதுதான் நான் ஆட்களை ஏற்றுவது.
மற்ற நாளெல்லாம் நண்டுவலை.

கடற்படைக் காவலில் பெயர் பதிந்தோம்.
அடையாள அட்டை ஏழு.
திரும்ப எண்ணினார்கள், ஏழு.
'நோக்கம்' என்றிருந்த கட்டத்தில்
காசாளர் நிரோஜினி
'சும்மா' என்று எழுதினாள்.
எத்தனையோ தரம் நிரப்பிய கட்டம் அது.
அந்தச் சொல் அதற்குள் அடங்கும் என்று
எனக்குத் தெரியாமல் போயிற்று.

முதலில் பெரியதீவு.
பிறகு சின்னதீவு,
பிந்திப் பிறந்த இரட்டை.
மணல்திட்டில் இருந்த ஆலாக்கள்
ஒரு வெள்ளைப் போர்வையை உதறியதுபோல் எழும்பி
அதே இடத்தில் விழுந்தன.
எஞ்சினை நிறுத்தினேன்.
நிறுத்திய பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது
இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருந்தது.

கீழே இடுப்பளவுத் தண்ணீர்,
தண்ணீருக்குக் கீழே சாதாளை மேய்ச்சல்,
மேய்ச்சலுக்கு நடுவே
வளைந்து வளைந்து போகிற மணல்வரி,
கலப்பை படாமல் உழுத சால்.
"இதுதான்" என்றேன்.
"எது?"
"ராத்திரி வந்து மேஞ்சிட்டுப் போயிருக்கு."
ஆறு தலையும் ஒரே பக்கம் குனிய
வள்ளம் சரிந்தது.
"செலவு பதிஞ்சிருக்கு, ஆளைத்தான் காணேல்லை"
என்றார் மனேஜர்.
அங்கியின் வாரை அவர் மறந்திருந்தார்.

கரையில் புட்டும் நண்டுக்கறியும் பிரித்தபோது
உடைமரப் பற்றைக்குள்ளிருந்து வந்தன.
பதினொன்று. பிறகொரு கன்று.
உப்பு ஏறிய தோல்.
எங்களைக் கண்டதும் மானைப்போல் நின்று
காதை மட்டும் திருப்பின.
"அதென்ன மிருகம்?"
கேட்டவன் கபிலாஷ், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்.
"மாடு."
"மாடோ!"
ஆறு போனும் உயர்ந்தன.

தொண்ணூற்றிரண்டில் எங்களைக் கிளப்பினபோது
வள்ளத்தில் மாட்டுக்கு இடமில்லை.
எனக்கு ஒன்பது வயது.
தடிச்சியின் கயிற்றை அவிழ்த்துவிட்டது நான்.
அது கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது,
மற்றக் கயிறு எங்கே என்று.
இருபத்தாறு வருடம் போய்த் திரும்பி வந்தோம்.
சுட்ட குறி எதிலும் இல்லை.
கிட்டப்போனால் ஓடுகிறதுகள்,
ஓடாவிட்டால் முட்டுகிறதுகள்.
மழைத்தண்ணீர் எங்கே தேங்கும் என்று
எங்களைவிட அதுகளுக்குத் தெரியும்.
இதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.
ஆயிரத்தைந்நூறுக்குள் அது வராது.

நிரோஜினி மட்டும் கை கழுவிக்கொண்டே கேட்டாள்:
"அக்கா, 'ஆ' எண்டால் மாடுதானே?"
"ஓம்."
"அப்ப ஆவுளியாவில
முதலெழுத்தைப் பாத்திட்டம்."

திரும்பிவரும்போது வெயில் பின்னால் சாய்ந்தது.
காவலில் மறுபடி ஏழு.
கரையில் காசை எண்ணித் தந்த மனேஜர்
தனியாக ஓர் ஐந்நூறு நீட்டினார்.
"இதேன்?"
"மாடு கணக்கில இருக்கேல்லை."

கிராம அலுவலரிடமும் கச்சேரியிலும்
அம்மா கொடுத்த மனுக்களை நினைத்தேன்.
அந்த மாடுகளின் பேரில்
எங்கள் கைக்கு வந்த முதற்காசு.
தாள் நனைந்திருந்தது.
எஞ்சின் மூடி இன்னும் சூடு,
அதன்மேல் விரித்துக் காயவிட்டேன்.